குகையிலே விளைந்த மணம்

பிரான்சு நாட்டின் தென்பகுதியிலே, கொம்பலூ என்னும் சுண்ணக்கல் மலையின் சரிவில், ரொக்கபோர் என்னும் சிற்றூர் உளது. பாறை வெடிப்புகளூடே குளிர்ந்த ஈரக்காற்று அங்குள்ள குகைகளுட் புகுந்து உலாவுகின்றது. செம்மறியாட்டுப் பாலிற் செய்த பாற்கட்டியை அக்குகைகளிற் பழுக்கவைக்கும் தனியுரிமையை 1411ஆம் ஆண்டில் ஆறாம் சார்ள்ஸ் மன்னன் அவ்வூரவர்க்கு வழங்கினான். 1925இல் பிரெஞ்சுச் சட்டம் ரொக்கபோர் என்னும் பெயருக்கே காவலாயிற்று. மன்னனும் சட்டமும் காத்தது பாற்கட்டியை; அதற்கு மணமூட்டியதோ ஒரு பூஞ்சணம்.

அப்பூஞ்சணத்தை வளர்க்க அவ்வூரார் ஓர் எளிய வழி கண்டிருந்தனர். றை மாவினாற் சுட்ட ரொட்டிகளைக் குகையிலே வைத்தனர். சில வாரங்களில் நீலப்பச்சைப் பூஞ்சணம் ரொட்டியின் உள்ளெங்கும் படர்ந்தது. அதனை உலர்த்திப் பொடித்துப் பாற்கட்டியிற் சேர்த்தனர். நீர்க்கரைசலில் அன்றி, ஈரம் பொதிந்த திண்பொருளின்மேல் நுண்ணுயிரை வளர்க்கும் இம்முறையை இந்நாளில் திண்மநிலை நொதித்தல் என்பர். 1906இல் அமெரிக்க அறிஞர் சார்ள்ஸ் தொம் அப்பூஞ்சணத்துக்குப் பெனிசிலியம் ரொக்கபோட்டி எனப் பெயரிட்டார்.

மணம் பிறக்கும் வகையும் பின்னர் விளங்கிற்று. பாற்கட்டியை ஊசிகளாற் துளைத்துக் காற்றுப் புகவிட, பூஞ்சணம் உள்ளே வளர்ந்து, பாற்கொழுப்பைக் கொழுப்பமிலங்களாகச் சிதைக்கின்றது. பின்பு அவ்வமிலங்களுட் சிலவற்றை மெதைல் கீற்றோன்கள் ஆக்குகின்றது. நீலப் பாற்கட்டியின் தனிமணத்துக்கு இவையே முதன்மையான காரணம். இதே பூஞ்சணத்தைக் கொண்டு அம்மணத்தை மட்டும் பிரித்தாக்கி உணவுக்குச் சுவையூட்டும் தொழிலும் பின்னர் எழுந்தது.

ஆயினும் தொழில் பெருகப் பெருகப் பூஞ்சணத்தின் குடி சுருங்கிற்று. விரைந்து வளரும் ஒருசில வகைகளையே தெரிந்தெடுத்து, பாலிணைவின்றி மீண்டும் மீண்டும் பெருக்கினர். 2020இல் வெளியான மரபணு ஆய்வொன்று, உலகின் பிற நீலப் பாற்கட்டிகளில் வாழும் பூஞ்சணம் ஏறக்குறைய ஒரே மரபுவழியினதாகக் குறுகிவிட்டதெனக் காட்டியது. ரொக்கபோர்க் குடியிலோ வேறுபாடு கூடுதலாக எஞ்சியிருந்தது. அது பாற்கட்டியில் மெதுவாக வளர்ந்தது; ரொட்டியிலோ மிகுதியான வித்திகளை ஈன்றது. முன்னோர் ரொட்டியில் வளர்த்த பழக்கத்தின் தடம் அதன் இயல்பிலேயே பதிந்திருந்தது.

2024இல் பிரான்சின் தேசிய விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் இவ்வொடுக்கத்தைக் குறித்து எச்சரித்தது. இணைந்து இனம்பெருக்கும் ஆற்றல் குன்றினால், புதிய வேறுபாடு தோன்றும் வாயிலும் அடைபடும். ஆல்ப்சு மலைச்சிற்றூரான தெர்மினியோனில், பூஞ்சணத்தைத் தூவாமலே பழுக்கும் பாற்கட்டியிலே, தனித்ததொரு குடி கண்டறியப்பட்டமை ஆய்வாளர்க்கு நம்பிக்கை அளித்தது. தொழிற்சாலை கைவிட்ட பன்மையைச் சிற்றூரின் பழைய வழக்கம் தன்னையறியாமலே பேணி வைத்திருந்தது.