315 கிலோமீட்டரும் 1,550 கிலோமீட்டரும்: அகர்தலா–கொல்கத்தா தொலைவின் வரலாறு

இரு நகரங்களுக்கு இடையிலான தொலைவை மாறாத புவியியல் உண்மையாகவே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். அகர்தலாவும் கொல்கத்தாவும் அக்கருத்தைக் கேள்விக்கு உள்ளாக்குகின்றன. இவ்விரு நகரங்களின் விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 315 கிலோமீட்டர். விமானப் பயண நேரம் ஒரு மணிக்குள் அடங்கும். இந்திய மண்ணை விட்டு விலகாத ரயில்பாதையோ சிலிகுரி, குவாஹாட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர் நீள்கிறது. பயணம் ஒன்றரை நாள்.

ஏறக்குறைய ஐந்து மடங்கான இவ்வேறுபாட்டுக்கு முதற்காரணம் மலையோ ஆறோ அன்று. 1947-இல் வரையப்பட்ட எல்லைக்கோடு. அதற்குமுன் அகர்தலாவாசிகள் அருகிலிருந்த அகௌரா நிலையத்தில் ரயிலேறி, சாந்த்பூரில் நீராவிக் கப்பலுக்கு மாறி, கோவாலந்தோவில் மீண்டும் ரயில் பிடித்துக் கொல்கத்தாவின் சியால்தா சேர்ந்தனர். பிரிவினையோடு அகௌரா, சாந்த்பூர், கோவாலந்தோ மூன்றும் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் அடங்கின. திரிபுரா 1949 அக்டோபர் 15 அன்று இந்தியாவுடன் இணைந்தபோது, அதன் தலைநகருக்கு இந்திய எல்லைக்குள் ரயில் தொடர்பே இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஒரு போர்க்கால ஓடுதளம். மன்னர் பீர் பிக்ரம் கிஷோர் மாணிக்யாவின் ஆட்சியில் 1942-இல் அமைந்த அவ்விமானத்தளம் இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படைகளுக்குப் பயன்பட்டது. பிரிவினைக்குப்பின் மாநிலத்தின் உயிர்நாடியாயிற்று. ரயில் 1964-இல் தர்மநகரை எட்டியது. அகர்தலாவை எட்ட 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அகலப்பாதை 2016-இல் வந்தது.

ஆயினும் விமானத்தின் விரைவு இரு செய்திகளை மறைத்துவிடுகிறது. முதலாவது, அந்நேர்க்கோட்டின் பெரும்பகுதி இன்றைய வங்கதேச வான்வெளியில் செல்கிறது. வான்வெளி அந்தந்த நாட்டின் முழு இறையாண்மைக்கு உட்பட்டது என்பது 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் விதி. ஆகவே அந்தக் குறுகிய பயண நேரம் அண்டைநாட்டின் இசைவையும் சார்ந்தது. இரண்டாவது, பயணச்சீட்டு வாங்க இயன்றவருக்கே தொலைவு சுருங்கியது. அரிசியும் சிமெண்டும் பெரும்பாலும் நெடுவழியிலேயே வந்தன. அச்சுற்றின் செலவைப் பொருளின் விலையில் சுமந்தவர்கள் விமானமே ஏறாத மக்கள்.

அகர்தலாவையும் அகௌராவையும் மீண்டும் இணைக்க, 12 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த ரயில்பாதை 2023 நவம்பர் 1 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. புதிய இணைப்பாகப் பேசப்பட்ட அது, உண்மையில் அறுந்த பழைய இழையின் ஒரு முடிச்சு.

வடகிழக்கைத் ‘தொலைதூரப் பகுதி’ என்று எழுதுவது ஆய்வேடுகளில் வழக்கமாகிவிட்டது. அச்சொல்லைக் காணும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்: எந்த ஆண்டில் தொலைவு? எந்த ஊர்தியில்? யாருக்கு? இவற்றுக்கு விடை தேடும்போது, இயற்கையின் கொடை என நாம் எண்ணிய தொலைவு, அரசியல் உண்டாக்கிய தொலைவாகத் தெரியவரும்.