பல்லைப் பிடித்துப் பார்த்த சட்டம்

மாட்டுச் சந்தையிலே தரகன் முதலில் பார்ப்பது பல்லைத்தான். வாயைத் திறந்து, பல்லை எண்ணி, வயதைக் கணித்து, பின்னரே விலை பேசுவான். மாட்டுக்குப் பிறந்தநாள் குறிப்பு ஏது? பல்லே அதற்குச் சாதகம்! மனிதக் குழந்தைக்கும் இதே முறையைக் கையாண்ட காலம் ஒன்று உண்டு, தோழர்களே. அது கற்காலமன்று, நீராவி எந்திரம் முழங்கிய காலம். இடம், பாராளுமன்ற ஆட்சிக்குத் தாயகமெனப் புகழப்பட்ட இங்கிலாந்து.

பஞ்சாலைச் சிறுவரைக் காக்க அங்கே 1802-லும் 1819-லும் சட்டங்கள் பிறந்தன. ஆயின், ஆலைக்குள் நுழைந்து பார்க்க அரசின் ஆளில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? 1833-ஆம் ஆண்டுச் சட்டமே முதன்முறையாக 4 ஆய்வாளர்களை அமர்த்தியது. 9 வயது நிரம்பாதவரை நூலாலையிலே சேர்க்கலாகாது. 13 வயதுக்குட்பட்டோரிடம் வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது. அவர்க்கு நாள்தோறும் 2 மணி நேரம் பள்ளி. 18 வயதுக்குட்பட்டோர்க்கு இரவு வேலை இல்லை. இவ்வளவும் எழுதினர். பட்டாலை முதலாளிகளுக்கு மட்டும் வயது வரம்பில் விலக்களித்தனர். பட்டு மென்மையானது; அதை நெய்வித்தோர் நெஞ்சும் மென்மையானதென எண்ணினர் போலும்!

எழுதி முடித்த பின் எழுந்தது கேள்வி: இந்தப் பிள்ளைக்கு வயது என்ன? இங்கிலாந்தில் பிறப்பை அரசே பதிவு செய்யத் தொடங்கியது 1837-ல்தான். ஆகவே, மருத்துவர் சிறுவனைப் பார்த்து, 9 வயதுப் பிள்ளைக்குரிய உடற்கட்டும் தோற்றமும் இவனுக்கு உண்டென எழுதித் தந்தால் போதுமெனச் சட்டம் கூறிற்று. வயதை அன்று, வளர்த்தியை அளந்தனர். அரைவயிற்றுக் கூழில் வளர்ந்த ஏழைப் பிள்ளைக்கு வளர்த்தி ஏது? வளர்ந்து விட்டாலோ, அதுவே வினையாயிற்று! பத்து வயதில் சற்று உயர்ந்து நின்றவன், பதின்மூன்றென எழுதப்பட்டு நெடுநேர வேலைக்குச் சென்றான். அண்ணனைக் காட்டிச் சான்று பெற்றுத் தம்பியை அனுப்பிய வீடுகளும் உண்டு. அந்தப் பெற்றோரை ஏசுவது எளிது. அவர்தம் அடுப்பைப் பார்த்தவர் ஏசமாட்டார்.

1837-ல் எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களின் வாயைச் சோதித்து, உயரத்தை விடப் பல்லே வயதைச் சரியாகக் காட்டுமெனப் பாராளுமன்றத்துக்கு எடுத்துரைத்தார். அவரை நாம் எள்ளவில்லை. பொய்யைத் தடுக்க வந்த அறிவியலாளர் அவர். ஏழையின் பிறப்பை ஏட்டில் எழுத மறந்த அரசைத்தான் எள்ளுகிறோம். நம் நாட்டிலும் பாட்டன்மார் காலத்துப் பள்ளிகளில், வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து இடக்காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது என்றனரே! எட்டாத பிள்ளை அடுத்த ஆண்டு வந்தது.

அந்த ஆங்கில அரசே இங்கும் ஆண்டது; அதன் ஆலைச் சட்டமும் 1881-ல் இங்கு வந்தது. கருணை மட்டுமா கப்பலேறிற்று? பம்பாய் ஆலைகளின் மலிவான கூலியைக் கண்டு கலங்கிய லங்காஷயர் முதலாளிகளின் கணக்கும் உடன் வந்தது. 7 வயது நிரம்பாதவர்க்கு வேலை கூடாது என்றது அச்சட்டம். 1891-ல் அது 9 ஆயிற்று, 1922-ல் 12, விடுதலைக்குப் பின், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 14. ஏழிலிருந்து பதினான்குக்கு ஏற அறுபத்தேழு ஆண்டுகள்!

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் சற்று நின்று படித்தல் நலம். 14 நிரம்பிப் 18 நிரம்பாதவர் ஆலைக்குள் செல்ல மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். அதற்கு ஆயுள் 12 திங்கள். கட்டணம் முதலாளியுடையது, பிள்ளையிடமோ பெற்றோரிடமோ கழிக்கலாகாது. வேலையின்போது, சான்றைக் குறிக்கும் வில்லையை, டோக்கன் என்கிறோமே அதை, உடன் வைத்திருக்க வேண்டும். 15 நிரம்பாதவர்க்கு நாளொன்றுக்கு நாலரை மணி. பிறர் சான்றைத் தன்னுடையதெனக் காட்டினால் தண்டனை. ஒரே நாளில் இரண்டு ஆலைகளில் பிள்ளையை வேலை செய்ய விட்ட பெற்றோர்க்கும் தண்டனை. எந்தக் குற்றத்துக்குத் தனிப் பிரிவு எழுதப்படுகிறதோ, அது நடந்த குற்றமென்றே வரலாற்று மாணவன் கொள்வான்.

இவை பெரிய ஆலைக்கு. பட்டறைக்கு? பீடி போன்ற சிறு தொழில்களிலே 5 வயதுப் பிள்ளைகள் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்து இரண்டணா பெற்றதை 1931-ல் தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு எழுதி வைத்தது. 1938-ல் தீப்பெட்டி, பீடி முதலிய பட்டறைகளில் சிறுவர் வேலையைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஆனால், குடும்பத்தார் துணையுடன் மட்டும் நடக்கும் பட்டறைக்கு விலக்கு! 1986-ல் புதிய சட்டம். அதிலும் அதே விலக்கு. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோர்க்கு எல்லா வேலையையும் தடை செய்தது. 18 வயது வரை ஆபத்தான தொழில்களைத் தடுத்தது. பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆயினும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாமாம். குடும்பம் என்பதில் தாய், தந்தை, உடன்பிறந்தார் மட்டுமல்லர். சித்தப்பா, மாமா, அத்தை, சின்னம்மா எல்லோரும் அடக்கம்.

2017-ல் விதிகள் வகுத்தனர்: மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது, ஒரு நாளில் 3 மணிக்கு மேற்படக் கூடாது, தொடர்ந்து 30 நாட்கள் சொல்லாமல் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இருபத்தொன்பது நாள் மாமன் பட்டறையில் இருந்துவிட்டு முப்பதாம் நாள் வகுப்பில் வந்து அமரும் பையனைப் பற்றி எழுத அவ்விதியில் இடமில்லை. அன்று அவன் பெயருக்கு நேரே வருகை எனக் குறித்துவிட்டு நாம் அடுத்த பெயரை அழைக்கிறோம்.