அம்பலமும் மைதானமும்

தமிழில் பொதுவிடத்தைக் குறிக்கும் சொற்கள் பல. மன்றம், பொதியில், அம்பலம், சாவடி, வெளி எனக் காலந்தோறும் அவை பெருகி வந்துள்ளன. இவற்றுள் அம்பலம் என்னும் சொல்லின்மீது தென்னார்க்காட்டு மண்ணுக்குத் தனியுரிமை உண்டு. தில்லைக் கூத்தன் ஆடும் இடம் சிற்றம்பலம். பொன் வேய்ந்தமையால் அது பொன்னம்பலமும் ஆயிற்று. சைவர் தில்லையைப் 'பொது' என்றே வழங்குவர். பொது என்பதையே தன் பெயர்களுள் ஒன்றாகப் பெற்ற ஊர் அரிது. ஆயினும் இதே சொல் பேச்சு வழக்கில் 'அம்பலமாயிற்று', 'அம்பலத்துக்கு வந்தது' என்று மானக்கேட்டையும் உணர்த்துகிறது. இறைவன் அம்பலத்தில் ஆடினால் ஆனந்தம். ஒரு வீட்டுப் பெண்ணின் பெயர் அம்பலத்துக்கு வந்தால் அவமானம். இந்த இரு பொருள்களுக்கும் இடையிலேதான் சிதம்பரம், கடலூர் ஆகிய இரு நகரங்களின் பொதுவிட வரலாறு நடந்து வந்திருக்கிறது.

பட்டினப்பாலை காட்டும் பொதியிலில் புதிதாக வந்தோர் தங்குகின்றனர். அங்கே அந்தி விளக்கை ஏற்றுபவர் பெண்கள். அவர்கள் போரில் சிறைப்பிடித்துக் கொணரப்பட்ட மகளிர் என்பது உரைகாரர் தரும் விளக்கம். பொதுவிடத்துக்கு ஒளி தந்த பெண்கள் தம் விருப்பத்தால் அங்கு வந்தவரல்லர் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தியாகும்.

சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரமாக அமைந்தவை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் வலம்வர வேண்டுமென்பதால் அவை அகன்று கிடக்கின்றன. தேருக்கென விட்ட அகலம், தேரில்லாத நாட்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு உலாவிடமாயிற்று. சிவகங்கைக் குளத்தின் படிகளும், கோபுர வாயில்களின் உட்சுவரில் செதுக்கப்பட்ட 108 கரணச் சிற்பங்களும் இளையோர்க்குக் கட்டணமில்லாக் கல்விச் சாலைகள். 1981-ஆம் ஆண்டு மகாசிவராத்திரியை ஒட்டித் தொடங்கிய நாட்டியாஞ்சலி விழா, கல்லில் நின்ற அக்கரணங்களுக்கு முன்னால் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த இளம் ஆடற்கலைஞரை ஆடச் செய்தது. பிற்காலத்தில் கோயிலுக்கு வெளியே தெற்கு வீதியிலும் அவ்விழாவுக்கு மேடை அமைந்தது. சபை பெரிதா, வீதி பெரிதா என்று வழக்காடுவோர் வழக்காடட்டும். வீதி மேடையின்முன் செருப்பைக் கழற்றாமலும் நின்று பார்க்கலாம் என்பது பாமரருக்கு ஒரு வசதியே.

ஆனால் இவ்வீதிகள் எல்லார்க்கும் என்றும் திறந்திருந்தவை அல்ல. ஆதனூர் நந்தனார் தில்லை எல்லையிலேயே நின்று மதிலை வலம்வந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் தீயில் மூழ்கி எழுந்த இடம் ஓமக்குளம் என்பது ஊர் மரபு. அந்த ஓமக்குளத்தருகே சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் அமைத்தார். புராணம் தீயைக் காட்டிய இடத்தில் அவர் பலகையையும் எழுதுகோலையும் வைத்தார் என்றால் அது மிகையன்று. 1947-இல் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியபின்பே கோயில் வாயில் சட்டப்படி அனைவர்க்கும் உரியதாயிற்று. நந்தனார் மதிலைச் சுற்றிய ஊரில் ஒரு பிள்ளை அஞ்சாமல் நடக்க இத்தனை நூற்றாண்டுகள் ஆயின. இளையோர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் முதலில் நினைக்க வேண்டியது இதுவே. அஞ்ச வேண்டியவை இருளும் கயவருமே என்று எண்ணுவது வசதியானவர் எண்ணம்.

1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தொடர்வண்டிப் பாதைக்குக் கிழக்கே இளைஞர்களுக்கென்றே ஒரு நகர் எழுந்தது. நூலகமும் இசை மண்டபமும் நிழல்மரச் சாலைகளும் கொண்ட அந்நகரில், தமிழிசைக்கும் தமிழாய்வுக்கும் ஒரு தலைமுறை தன்னை ஈந்தது. அதே அண்ணாமலைநகரில்தான் 1965 சனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் சென்ற மாணவர்மீது காவலர் சுட்டதில் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அவருடைய சிலை அங்கே நிற்கிறது. சாலை மாணவர்க்காகப் போடப்பட்டது. ஆனால் அவர்கள் கூடி நடந்த நாளில் அது அவர்களைக் காக்கவில்லை.

கடலூரின் வரலாறு வேறு வகையானது. அங்கே வெளியை அளந்தது தேரன்று, பீரங்கி. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் அவர்க்குச் சேரும் என்பது உடன்படிக்கை. நாலாபுறமும் சுட்டுப் பார்த்து எல்லை வகுத்தனர். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி ஆகிய பெயர்களில் அந்த அதிர்வு இன்னும் கேட்கிறது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய 1746 முதல் 1752 வரை தென்னாட்டுக் கம்பெனி ஆட்சிக்குப் புனித டேவிட் கோட்டையே தலைமையிடம். 1758-இல் லாலி அதைக் கைப்பற்றி இடித்தான். கோட்டை போயிற்று, மஞ்சக்குப்பத்தில் வெள்ளையர் தம் மாளிகைகளுக்கு நடுவே விட்டிருந்த பெருவெளி மைதானமாக எஞ்சியது. ஆண்டவர் விட்டுச் சென்றவற்றுள் கோட்டையினும் பயனுடையது இந்த வெற்றிடமே. பந்து விளையாட்டும் பொதுக்கூட்டமும் பொருட்காட்சியும் அங்கே மாறிமாறி இடம்பெற்றன. மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் பள்ளியில் கற்றது மிகக் குறைவு. தெருவில் கற்றதையே தமிழுக்குத் தந்தார். புதுமைப்பித்தன் பிறந்ததும் இந்நகரின் திருப்பாதிரிப்புலியூரில்தான், 1906-இல்.

முதுநகரில் 1890-இல் பிறந்த அஞ்சலை அம்மாளை இங்கே விரித்துக் கூறுதல் தகும். 1927-இல் சென்னை அண்ணா சாலையில், அன்றைய மவுண்ட் ரோட்டில், நின்ற கர்னல் நீலின் சிலையை அகற்றக் கோரிய அறப்போரில், சிறுமியாயிருந்த மகள் அம்மாக்கண்ணுவுடன் கலந்துகொண்டு அவர் சிறை சென்றார். பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். காந்தியடிகள் கடலூர் வந்தபோது அவரைச் சந்திக்க இவருக்கு அரசு தடை விதித்ததென்றும், பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து அவரைக் கண்டாரென்றும் கூறுவர். வீதியில் முழங்கிய ஒரு பெண் தன் ஊர் வீதியைக் கடக்க முகத்தை மறைக்க நேர்ந்தது. அதை வீரச்செயலாகப் போற்றுகிறோம். அத்தகைய மறைப்பு இன்றித் தன் ஊரில் நடக்கும் எளிய உரிமையை எத்தனை பெண்கள் பெற்றார்கள் என்று கேட்டவர் குறைவு.

நெய்தல் பாட்டில் பரதவர் மகளிர் மணலில் சிற்றில் இழைப்பர், நண்டை விரட்டி ஆடுவர், கடலாடுவர். பருவம் எய்தியதும் இற்செறிப்பு வந்துவிடும். அகப்பொருள் நூலார் அதை ஒரு துறையாக வகுத்து நிறுத்திக்கொண்டனர். கவிஞர்க்கு அது சுவை மிகுந்த துறை. செறிக்கப்பட்டவளுக்கு எப்படி இருந்ததோ! தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் மாசிமகத்தன்று கூடும் பெருங்கூட்டத்தில் அந்தப் பழைய மணல்விளையாட்டின் மிச்சத்தைக் காணலாம். 2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. அதன்பின் சில காலம் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பத் தாய்மார் அஞ்சியது இயல்பே. கடல் தந்த அச்சம் மெல்லத் தணிந்தது.

மனிதர் தரும் அச்சம் அவ்வாறு தணிவதில்லை. 1998-இல் தமிழக அரசு கொண்டுவந்த, பெண்ணைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம், குற்றம் நிகழக்கூடிய இடங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: கல்வி நிலையம், கோயில், பேருந்து நிறுத்தம், சாலை, தொடர்வண்டி நிலையம், திரையரங்கு, பூங்கா, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம். இப்பட்டியலைக் கடலூரையும் சிதம்பரத்தையும் அறிந்தவர் படித்தால் திடுக்கிடுவர். ஓர் இளம்பெண் தன் ஊரின் பெருமையென அறியும் இடங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. பாடலீச்சுரர் கோயில் வீதியும் மஞ்சக்குப்பம் மைதானமும் வெள்ளிக் கடற்கரையும் தில்லைத் தேர்வீதியும் சுற்றுலா ஏட்டில் ஒரு வரிசையில் வரும். சட்ட ஏட்டிலும் அதே வரிசையில் வரும். ஆதலின் தொன்மையைப் போற்றுவதையும் இளையோரைக் காப்பதையும் இரு வேறு பணிகளாகப் பிரித்துச் செய்தல் பொருந்தாது. மைதானத்தைச் சுற்றி மதிலெழுப்பிப் பூட்டினால் அதுவும் ஓர் இற்செறிப்பே. விளக்கும் கழிப்பறையும் இரவில் நேரத்துக்கு வரும் பேருந்தும் இருந்தால் ஆள் நடமாட்டம் தானே வரும்.

இதற்குச் சான்று தேர்த் திருநாளே. அன்று தேருக்கு முன்பாகப் பெண்கள் வீதியைப் பெருக்கி நீர்தெளித்துக் கோலமிடுகிறார்கள். கூட்டமே காவலாக, வளையல் கடைக்கும் இராட்டினத்துக்கும் இடையே கல்லூரிப் பெண்கள் தோழியரோடு இரவு வரை உலவுகிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தேர் நிலைக்கு வந்து, கடைகள் பிரிக்கப்பட்ட மறுவாரம் அதே கீழவீதியில் விளக்கு வைக்கும் நேரத்தில் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு விரைகிறார்கள்.