மூச்சுக்கு வைத்த அளவுகோல்

நெஞ்சக நோய்ப் பிரிவில் ஸ்பைரோமீட்டர் பார்ப்பவள் நான். வருகிறவர்கள் அதை ‘ஊதுற டெஸ்ட்’ என்பார்கள். “நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!” என்று கத்தியே தொண்டை கட்டிவிடும். கத்தத் தொடங்கும் முன் வயது, பாலினம், உயரம், இனம் என்று நான்கு விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஊதியது போதுமா, குறைவா என்று தீர்மானிப்பவை அவைதான். முதல் மூன்றுக்கும் காரணம் கேட்டால் சொல்லிவிடுவேன். நான்காவது வந்த வழி வேறு.

உயரத்தின் முக்கியத்துவத்தைக் காட்டியவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1840களில் லண்டனில் அவர் செய்த கருவி எளியது. தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, மறுபக்கம் எடை கட்டிக் கப்பியில் தொங்கவிட்டார். குழாயில் ஊதினால் பாத்திரம் மேலெழும். எழுந்த உயரத்தைக் கொண்டு வெளிவந்த காற்றைக் கணக்கிடலாம். மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், அச்சுத் தொழிலாளிகள், குத்துச்சண்டைக்காரர்கள், பரம ஏழைகள், கனவான்கள் என்று 2,130 பேரை ஊதவைத்து 1846இல் முடிவை வெளியிட்டார். ஓர் அங்குலம் உயரம் கூடினால் 8 கன அங்குலம் காற்று கூடுகிறது என்றார். முழு மூச்சிழுத்து ஊதும் காற்றின் அளவுக்கு நாங்கள் இன்றும் சொல்லும் ‘வைட்டல் கெபாசிட்டி’ அவர் வைத்த பெயர்தான்.

‘அமெரிக்க ராட்சதன்’ என்று பேர்வாங்கிய ஃப்ரீமன் 1842இல் அந்தக் கருவியில் 434 கன அங்குலம், அதாவது ஏழு லிட்டருக்கு மேல் ஊதினார். பிறகு அவருடைய அளவு இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் காசநோயில் இறந்தார். நோயை முன்கூட்டியே காட்டக்கூடிய எண் என்றால் ஆயுள் காப்பீட்டுக்காரர்களுக்கு ஆசை வராதா? ஹட்சின்சனே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர். ஆக, இந்தக் கருவி பிறந்தபோதே பணக் கணக்கும் கூட வந்துவிட்டது.

அமெரிக்காவில் அது வேறு கைக்குப் போனது. அடிமை முறையை ஆதரித்த லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பினத்தவரின் நுரையீரல் 20 சதவீதம் குறைவு என்று வாதிட்டார். உள்நாட்டுப் போருக்குப் பின் பெஞ்சமின் கூல்ட் 1869இல் வெளியிட்ட படைவீரர் அளவீடுகளும் அதற்கு முட்டுக்கொடுத்தன. உழைப்பு, உணவு, குடியிருந்த இடம் எதுவும் கணக்கில் இல்லை. அந்த வித்தியாசம் பிறவிக் குணமாகவே பாடப்புத்தகத்துக்கும், பின்னர் கணினிக்கும் போய்ச் சேர்ந்தது. 1999இல், ஆஸ்பெஸ்டாஸால் பாதிக்கப்பட்டு இழப்பீடு கேட்ட கறுப்பினத் தொழிலாளிகளுக்குத் தனி அளவுகோல் வைக்க பால்டிமோர் வழக்கொன்றில் ஒரு நிறுவனம் முயன்றது. வெள்ளையரைவிட அதிகமாக மூச்சுக் கெட்டிருந்தால்தான் அவர்களுக்குப் பணம்!

இனத்தைக் கேட்காத கணக்கையே பயன்படுத்துமாறு 2023இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் பரிந்துரைத்தது. ஐரோப்பியர் அளவில் ஒரு பங்கைக் கழித்து இந்தியரின் ‘நார்மல்’ கண்டுபிடிக்கும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு. ஒரு கூட்டத்தின் சராசரி தாழ்ந்திருந்தால், அதுதான் இயல்பு என்று விட்டுவிடலாம். ஏன் தாழ்ந்தது என்றும் கேட்கலாம். காலமெல்லாம் பஞ்சாலையில் நின்றவர் என் முன்னால் உட்கார்ந்து ஊதும்போது, ‘இவர்களுக்கு இவ்வளவுதான்’ என்று கணினி ஒப்புக்கொண்டால் தப்பித்துக்கொள்வது பஞ்சுத் தூசிதான்.