ஸ்லிப் நெறிமுறையின் விடுபாடுகள்: ரோம்கியின் விளக்கத்துக்கு ஒரு மறுப்பு

சீரியல் போர்ட் வழியே ஐபி பாக்கெட்டுகளை அனுப்பும் ஸ்லிப் நெறிமுறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நாடுவது ஒரே ஆவணத்தை: ஜே. ரோம்கி 1988 ஜூனில் வெளியிட்ட ஆர்எஃப்சி 1055. முகவரிப் பரிமாற்றம், பாக்கெட் வகையைக் குறித்தல், பிழை காணல், சுருக்கம் ஆகிய நான்கும் ஸ்லிப்பில் இல்லை என்று பட்டியலிடும் அவர், இது வெகுகாலத்துக்கு முன் உருவான எளிய நெறிமுறை, அன்று இவை பெரிய சிக்கல்களாக இருக்கவில்லை என்று காரணம் சொல்கிறார். பின்வந்தோர் பலர் இதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். என்னால் ஏற்க இயலவில்லை.

அதே ஆவணம் தரும் காலக்கணக்கிலிருந்தே தொடங்கலாம். 1980களின் தொடக்கத்தில் 3காம் நிறுவனத்தின் டிசிபி/ஐபி மென்பொருளான யூநெட்டில் ஸ்லிப் தோன்றியது. 1984 வாக்கில் ரிக் ஆடம்ஸ் அதை 4.2 பிஎஸ்டிக்கும் சன் கணினிகளுக்கும் எழுதிப் பரப்பினார். இந்த 1984-ஐ நோக்குவோம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஃபார்பரும் அவருடைய துணையாசிரியர்களும் ஆர்எஃப்சி 914-ஐ வெளியிட்டார்கள். மெதுவான தொலைபேசி வழியில் செல்லும் ஹெடர்களைச் சுருக்குவதே அந்தத் ‘தின்வயர்’ திட்டத்தின் நோக்கம். அக்டோபரில் ஃபின் எழுதிய ஆர்எஃப்சி 916, ஒத்திசைவற்ற சீரியல் வழியில் வரிசை எண், ஒப்புகை, மறு அனுப்புதல் ஆகியவற்றோடு பிழையற்ற பரிமாற்றத்துக்கு வழி வகுத்தது. 1985 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 935 இவ்விரண்டையும் எடுத்து விவாதித்தது. ரோம்கியின் நான்கு குறைகளில் இரண்டு, ஸ்லிப் பரவிய ஆண்டிலேயே அச்சேறிய விவாதங்கள். அவை அன்று பெரிதாகப் படவில்லை என்று எப்படிச் சொல்வது?

யூநெட்டின் காலத்தை மனத்தில் வைத்தே ரோம்கி அப்படி எழுதினார் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்துக்கு இடமுண்டு. ‘1980களின் தொடக்கம்’, ‘1984 வாக்கில்’ என்று அவரே நெகிழ்வாகத்தான் எழுதுகிறார், 4.2 பிஎஸ்டி 1983 ஆகஸ்டில் வெளிவந்தது என்பதால் ஆடம்ஸின் பணி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்பதற்கு மேல் நான் துணியமாட்டேன். ஆனால் யூநெட்டில் இருந்ததை எதுவும் சேர்க்காமல் பரப்பியது 1984-இன் முடிவு. ஐபி, டிசிபி அடுக்குகளின் செக்சம் பிழையைப் பிடிக்கும்போது கீழடுக்கில் சுமை எதற்கு என்ற தெளிவான நிலைப்பாடாகவே அதைப் படிக்கிறேன்.

இதற்கு ஆர்எஃப்சி 1055-க்குள்ளேயே ஒரு பாடவேறுபாடு துணை நிற்கிறது. நெறிமுறையின் விளக்கப் பகுதியில், பாக்கெட்டின் கடைசி பைட் போனபின் எண்ட் குறி, அதாவது 192, அனுப்பப்படுகிறது. முன்னால் எதுவும் இல்லை. பின்னர், பாக்கெட்டைத் தொடங்கும்போதும் எண்ட் குறியை அனுப்பலாம் என்ற ஃபில் கார்னின் யோசனை வருகிறது: வழியில் இரைச்சலால் சேர்ந்த குப்பை பைட்டுகள் தனிப் பாக்கெட்டாகப் பிரிந்து தூக்கியெறியப்படும். இரைச்சலே இல்லையென்றால் இரண்டு எண்ட் குறிகளுக்கு நடுவே வெறும் பாக்கெட் உருவாகும். அதை ஸ்லிப் தள்ளாவிட்டாலும் ஐபி தள்ளிவிடும். ஆவணத்தின் இறுதியிலுள்ள சி மொழி நிரலோ, இந்த யோசனையை யோசனையாக நடத்தாமல், எண்ட் குறியை அனுப்பிவிட்டே தொடங்குகிறது. விளக்கம் ஒரு பாடம், நிரல் இன்னொரு பாடம். பிழை திருத்தும் இயந்திரம் எதையும் கூட்டாமல், ஒரே ஒரு பைட்டால் இரைச்சலின் பாதிப்பை அடுத்த பாக்கெட்டுக்குப் போகாமல் நிறுத்தியவர்கள், இரைச்சலை நன்றாக அறிந்தவர்கள்.

முகவரி விஷயத்தில் ரோம்கி சொல்வது எனக்கு உடன்பாடே. இரு முனைகளும் ஒன்றன் முகவரியை மற்றது முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதால், டெர்மினல் சர்வரில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் நிர்வாகிதான் முகவரியை அமைக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த பிபிபி நெறிமுறையின் ஐபிசிபி என்ற பகுதி, 1992 மேயில் ஆர்எஃப்சி 1332 வழியாக, அந்த வேலையை இரு முனைகளின் பேச்சுவார்த்தையாக்கியது.

சான்று மெலிந்த இடம், 1006 என்ற எண். பெர்க்லி டிரைவர்களின் பாக்கெட் உச்ச அளவு அது. ரோம்கி அதையே பரிந்துரைக்கிறார், எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை. 2400 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 240 பைட் போகும் என்றால், 1006 பைட் கடக்க நான்கு நொடிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் தட்டச்சின் எதிரொலிக்குக் காத்திருக்க வேண்டிய ஒருவர், சீரியல் வழியை மட்டும் கருதி இந்த எண்ணைத் தேர்ந்திருக்க மாட்டார். 1990 நவம்பரின் ஆர்எஃப்சி 1191 தரும் பாக்கெட் உச்ச அளவுப் பட்டியலில் ஸ்லிப்பும் அர்பாநெட்டும் ஒரே 1006 அளவில் நிற்கின்றன. தாமதத்தைக் குறைக்க வான் ஜேக்கப்சன் 1990 பிப்ரவரியில் முன்வைத்த ஏற்பாட்டின் அளவோ அதே பட்டியலில் 296. அர்பாநெட்டுக்குப் போகும் பாக்கெட்டைத் துண்டாக்காமல் கடத்துவதற்கே 1006 வந்திருக்கலாம் என்பது என் ஊகம். அது சரியென்றால், ஸ்லிப்பைத் தொலைபேசிக்கான தனி நெறிமுறையாக அல்ல, அர்பாநெட்டின் நீட்சியாகவே கருதியிருக்கலாம். ஆயினும் அந்தப் பட்டியல் எண்கள் ஒத்திருப்பதைத்தான் காட்டுகிறது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்பதை நிறுவ அது போதாது. அந்த எண் யூநெட்டில் முதலில் வந்ததா, ஆடம்ஸின் கையில் வந்ததா என்பதும் தீராத கேள்வியாகவே நிற்கிறது.