ஒரு நெகட்டிவ் போன வழி

நல்ல படம் தானாகவே போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்வார்கள். அதற்குச் சான்றாக சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யைக் காட்டுவார்கள். அந்தப் படத்தின் சுருள்கள் யார் யார் கைமாறி இன்றைக்கு நம் கண்முன் வந்திருக்கின்றன என்று தேடிப் படித்த பிறகு, இந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தப் படம் எங்கேயும் தானாகப் போகவில்லை. முட்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் சினிமாவை நேசித்த ஒருவர் இன்னொருவரிடம் போய், ‘இதை நீங்கள் பார்த்தே ஆகவேண்டும்’ என்று சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் அவரே படமெடுப்பவர், அல்லது படங்களைப் பற்றி எழுதுபவர். அப்படிச் சொன்னவர்களின் பெயர்களை ஒரே இடத்தில் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இந்தக் கட்டுரை.

படத்துக்கு முன்பே அந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது. 1947இல் ரேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் இன்னும் சில நண்பர்களும் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டம்கின்’ அவர்கள் திரையிட்ட முதல் படம். அப்போது ரே விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவல் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிடப்பட்டபோது அதற்குப் படம் வரைந்தவர். 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்துக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். ரே அவரோடு கிராமம் கிராமமாகச் சுற்றினார். தன் மனதில் இருந்த கதையையும் சொன்னார். ரெனுவார் அதைக் கவனமாகக் கேட்டார், எடுக்கும்படி ஊக்கப்படுத்தினார். ரெனுவாரின் படப்பிடிப்பை ஓரமாக நின்று பார்த்து, விளக்குகள் வைத்த விதத்தைக் குறிப்பேட்டில் படமாக வரைந்துகொண்ட இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் சுப்ரதா மித்ரா. அதே படத்தில் கலை இயக்கத்தில் உதவியவர் பன்சி சந்திரகுப்தா. பின்னால் ரேயின் கண்ணாகவும் கையாகவும் இருந்த இரண்டு பேரும் ரெனுவாரின் படத்தில் தொழிலைப் பார்த்துப் பழகியவர்கள்.

1952 அக்டோபர் 27 அன்று நாணல் பூத்த வெளியில் படப்பிடிப்பு தொடங்கியது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம்தான், சினிமா கேமராவை அதற்கு முன் இயக்கியதே இல்லை. அடுத்த வாரம் மீதியை எடுக்கப் போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. மறுபடி பூக்க ஒரு வருடம் ஆயிற்று. அந்த இடைவெளியில் பணமும் தீர்ந்தது. ரே இன்ஷூரன்ஸ் பாலிசியை வைத்துக் கடன் வாங்கினார். மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. படப்பிடிப்பு நிற்பதும் நடப்பதுமாக இழுத்தபோது மூன்று அதிசயங்கள் தன்னைக் காப்பாற்றின என்று ரே பின்னர் சொன்னார்: அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடையவில்லை, துர்காவாக நடித்த பெண் வளர்ந்துவிடவில்லை, கிழவியாக நடித்த, எண்பது வயதை நெருங்கிய சுனிபாலா தேவி உயிரோடு இருந்தார்.

இந்த நிலையில்தான் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலிருந்து மன்ரோ வீலர் வந்தார். அவர் வந்தது துணிகளுக்காக. இந்திய நெசவு பற்றி ஒரு கண்காட்சி நடத்தவிருந்தார்கள், அதற்குப் பொருள் சேர்க்க வந்திருந்தார். யாரோ அவரிடம் ரேயின் புகைப்படங்களைக் காட்டினார்கள். வெறும் ஸ்டில்ஸ்தான். அவற்றைப் பார்த்ததும் கண்காட்சியின் ஒரு பகுதியாக இந்தப் படத்தைத் திரையிடலாம் என்றார். முடியாத படத்துக்கு முதல் அழைப்பு அப்படி வந்தது.

சில மாதங்கள் கழித்து ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹூஸ்டன் கல்கத்தா வந்தார், ‘தி மேன் ஹூ வுட் பி கிங்’ படத்துக்கான வேலையாக. (அந்தப் படம் வெளிவர 1975 ஆயிற்று.) வீலர் கேட்டுக்கொண்டபடி ரேயின் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனார். ரே அவருக்கு இருபது நிமிடம் போலக் காட்டினார். ஒலி சேர்க்காத, இன்னும் செப்பனிடாத ரஃப் கட். அக்காவும் தம்பியும் நாணல் காட்டுக்குள் ஓடி ரயிலைப் பார்க்கும் காட்சியும் அதில் இருந்தது. ஹூஸ்டன் வீலருக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார். அவருக்கு இதில் ஒரு காசு லாபமில்லை. ரே என்ற பெயரை அதற்கு முன் அவர் கேள்விப்பட்டிருக்கவும் நியாயமில்லை. ஒலியில்லாத துண்டுகளைப் பார்த்து முழுப் படத்தின் தரத்தைச் சொல்ல, அந்தத் தொழிலிலேயே ஊறிய ஒருவரால்தான் முடியும். சக கலைஞனின் பாராட்டுக்கு இருக்கும் தனி மதிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

மீதிப் பணத்தை மேற்கு வங்க அரசு கொடுத்தது. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் இசைந்தார். அரசுக் கணக்கில் அது சாலை மேம்பாட்டுச் செலவாக எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். ரவிசங்கர் ஒரே நாள் இரவில் இசை முழுவதையும் பதிவு செய்துகொடுத்தார். படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் ரேயும் கடைசி நாட்களில் தூங்கவில்லை. சப்டைட்டில் போட நேரமில்லாமல் படப்பெட்டி விமானம் ஏறியது. 1955 மே 3 அன்று, வங்காள மொழியில் ஒரு சொல்லும் தெரியாத நியூயார்க் பார்வையாளர்கள் இந்தப் படத்தை உலகிலேயே முதலில் பார்த்தார்கள்.

கல்கத்தாவில் ஆகஸ்ட் 26 அன்று வெளியானது. முதலில் கூட்டமில்லை. பிறகு மவுத் டாக் பரவி அரங்கம் நிரம்பத் தொடங்கியது. நிரம்பிக்கொண்டிருக்கும்போதே படத்தை எடுக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் தியேட்டர் முன்கூட்டியே இன்னொரு படத்துக்குப் பேசி முடிக்கப்பட்டிருந்தது. அந்த இன்னொரு படம் சென்னையிலிருந்து போனது. ஜெமினி ஸ்டுடியோ தயாரித்து எஸ்.எஸ். வாசன் இயக்கிய ‘இன்சானியத்’. திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் நடித்த பெரிய படம்.

இங்கே நடந்ததை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. ‘பதேர் பாஞ்சாலி’யைப் பார்த்த வாசன் நேரே ரேயைத் தேடிப் போனார். முன்பே தெரிந்திருந்தால் என் படத்தைத் தள்ளிப் போட்டிருப்பேனே என்று சொன்னதாக ரேயின் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ‘சந்திரலேகா’ எடுத்தவர் அவர். முரசு நடனமும் யானைகளும் பிரமாண்ட செட்டுமாக இந்தியாவையே மிரளவைத்தவர். ஒரு குடிசையும் ஒரு கிழவியும் ஒரு குளமுமாக எடுத்த படம் அவருடைய சினிமாவுக்கு நேர் எதிர் துருவம். தன் வழிக்கு மாறான வழியில் போகிறவனின் திறமையை அடையாளம் கண்டு, அதை அவனிடமே நேரில் போய்ச் சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்! தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வாசனின் வசூலையும் விளம்பரத் திறமையையும் விரிவாக எழுதுகிறார்கள். இந்த ஒரு சந்திப்புக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

வறுமையை வெளிநாட்டில் காட்டலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது. நேரு படத்தைப் பார்த்தார், அனுப்பச் சம்மதித்தார். 1956 கான் திரைப்பட விழாவில் திரையிட்ட நேரம் ஜப்பானியக் குழுவினர் தங்கள் இயக்குநர் குரோசாவாவின் படத்துக்காக வைத்த விருந்தோடு மோதியது. அரங்கில் சிலர்தான் இருந்தார்கள். அந்தச் சிலர் எழுந்து வெளியே போய்ச் சும்மா இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். லிண்ட்சே ஆண்டர்சன், ஆந்த்ரே பசான், லோட்டே ஐஸ்னர் போன்ற விமர்சகர்கள் சும்மா இருக்கவில்லை. மற்றவர்களும் பார்க்கவேண்டும், மறுபடி திரையிடுங்கள் என்று வலியுறுத்தினார்கள். இரண்டாம் முறை திரையிட்டபோது நிலைமை மாறியது. சிறந்த மானுட ஆவணம் என்ற விருது கிடைத்தது. விருந்துக்கு உரிய குரோசாவாவும் பிற்காலத்தில் ரேயைத் தலைமேல் வைத்துப் பேசியவர்களில் ஒருவரானார்.

அமெரிக்காவில் எட்வர்ட் ஹாரிசன் என்ற விநியோகஸ்தர் நம்பி வாங்கினார். 1958இல் நியூயார்க்கின் ஃபிப்த் அவென்யூ பிளேஹவுஸில் வெளியானபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பாஸ்லி க்ரௌதர் குறைகளைத்தான் அடுக்கினார். ஆனாலும் எட்டு மாதம் ஓடியது.

இதுவரை ஊர் ஊராகப் போனவை பிரிண்டுகள். நெகட்டிவ் கல்கத்தாவிலேயே இருந்தது. கேமராவுக்குள் ஓடிய அசல் சுருள் அது. பிரிண்டுகள் தேய்ந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், நெகட்டிவ் போனால் விதைநெல் போனது போல. அதைக் குளிரூட்டி ஈரம் படாமல் வைக்க வேண்டும். கல்கத்தாவின் புழுக்கத்தில் பல பத்தாண்டுகள் அது எப்படியோ தாக்குப்பிடித்தது. இந்த நாட்டில் தாக்குப்பிடிக்காதவைதான் அதிகம். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசகவதம்’ எப்படி இருந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது, ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

1992இல் ரேக்குக் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. மார்ட்டின் ஸ்கார்செசி போன்ற இயக்குநர்கள் அதற்காகக் குரல் கொடுத்திருந்தார்கள். மேடையில் ஆட்ரி ஹெப்பர்ன் அறிவிக்க, ரே கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் சிலையைக் கையில் பிடித்தபடி பேசினார். சில வாரங்களில், ஏப்ரல் 23 அன்று இறந்தார். அந்த விழாவில் காட்டுவதற்கு நல்ல தரத்தில் துண்டுக்காட்சிகள் தேடியபோதுதான் அவருடைய படங்களின் பிரதிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்பது ஆஸ்கர் வழங்கும் அகாடமிக்குத் தெரிந்தது. காப்பாற்றும் வேலை தொடங்கியது. நெகட்டிவ்கள் நாடு கடந்து, தெற்கு லண்டனில் இருந்த ஹெண்டர்சன்ஸ் லேபுக்குப் போயின.

1993 ஜூலையில் அந்த லேப் தீப்பிடித்தது. பழைய நைட்ரேட் சுருள்கள் வெடிமருந்துக்குச் சமம், ஒன்று பற்றினால் அடங்காது. பிரிட்டிஷ் படங்கள் பலவற்றின் நெகட்டிவ்களோடு ரேயின் நெகட்டிவ்களும் எரிந்தன. காப்பாற்ற அனுப்பிய இடத்திலேயே இப்படி ஆனது.

அகாடமியின் ஆவணக் காப்பகம் அடுத்துச் செய்ததை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கருகிய டப்பாக்கள், உருகி ஒட்டிய சுருள்கள், துண்டுகள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு உலகில் எந்த லேபாலும் அவற்றைத் தொட்டு ஒன்றும் செய்ய முடியாத நிலை. பயன்படாது என்று ஒதுக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இருபது ஆண்டுகள் அவை அலமாரியில் இருந்தன.

2013இல், பழைய நல்ல படங்களைச் சீரமைத்து வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் அந்த டப்பாக்களைத் திறந்து பார்க்க முடிவு செய்தது. துண்டுகள் இத்தாலியின் பொலோனியா நகருக்குப் போயின. அங்கே லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற லேப் இருக்கிறது, நைந்த படங்களுக்கு வைத்தியம் பார்ப்பதே அவர்களுடைய தொழில். தீயில் காய்ந்து நொறுங்கிய ஃபிலிமுக்கு முதலில் ஈரப்பதம் திரும்ப ஏற்றினார்கள். பசையையும் உருகிய டேப்பையும் சுரண்டி எடுத்தார்கள். ஓரத்துத் துளைகள் பிய்ந்திருந்த இடங்களில் புதிய ஓரம் ஒட்டினார்கள். கைவேலைக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் பிடித்தது. இவ்வளவுக்குப் பிறகு ‘பதேர் பாஞ்சாலி’ நெகட்டிவில் 40 சதவீதம் ஸ்கேன் செய்யும் நிலைக்கு வந்தது, அதன் தொடர்ச்சியான ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கும் மேல். அந்த வரிசையில் மூன்றாவது படமான ‘அபூர் சன்சார்’ நெகட்டிவைக் காப்பாற்ற முடியவில்லை.

மீதிக்கு எங்கே போவது? ஹார்வர்டின் திரைப்படக் காப்பகம், பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், ஜானஸ் ஃபிலிம்ஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் நல்ல பிரதியைப் போற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பிரதிகள் அங்கே இருந்த காரணம் ஹூஸ்டன் சொன்ன சொல், ஆண்டர்சன் கேட்ட இரண்டாம் காட்சி, ஹாரிசனின் எட்டு மாதம். படத்தை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிச் சொல்லி உலகம் முழுக்கப் பரப்பியிருந்ததால்தான் அசல் எரிந்தபோது இட்டு நிரப்பச் சுருள்கள் கிடைத்தன. இன்று நாம் பார்க்கும் பிரதியில் சில ஷாட்டுகள் சுப்ரதா மித்ராவின் கேமராவில் ஓடிய சுருளிலிருந்து வருகின்றன, சில அந்த நண்பர்கள் வைத்திருந்த பிரதிகளிலிருந்து. சீரமைத்த படம் 2015 மே 4 அன்று, நியூயார்க்கின் அதே அருங்காட்சியகத்தில், முதல் திரையிடலுக்கு அறுபது ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்துக் காட்டப்பட்டது.

இந்தப் பிரதியைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். பழைய வீடியோவில் சாம்பல் பூசியது போலத் தெரிந்த இலைகளும் குளத்து நீரும் இதில் மினுங்குகின்றன. பார்த்து முடித்தவர்கள் அங்கே நின்றுவிட வேண்டாம். 1956இலேயே இலங்கையில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ எடுத்தார், ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து கிராமத்து வெயிலில். அடுத்த வருடம் அது கான் போட்டியில் இருந்தது. ரேயும் அவரும் நண்பர்கள். ரித்விக் கட்டக்கின் ‘அஜாந்திரிக்’ 1958இல் வந்தது, ஓட்டைக் காரை உயிருள்ள துணையாக நேசிக்கும் ஓட்டுநரின் கதை. கட்டக்கின் பெருமையை ரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் பிடித்தவர்களிடம் சொல்லுங்கள்.

ரேயின் வேறொரு படத்துக்கும் இப்படியே நடந்திருக்கிறது. அமெரிக்க இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் தன்னுடைய ‘தி டார்ஜிலிங் லிமிடெட்’ படத்தில் ரே படங்களின் இசையைப் பயன்படுத்தியவர். ‘அரண்யேர் தின் ராத்ரி’யைச் சீரமைக்க வேண்டும் என்று முன்கை எடுத்தவரும் அவர்தான். ஸ்கார்செசி நிறுவிய ஃபிலிம் பவுண்டேஷனும் இந்தியாவின் ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனும் கைகோத்தன, வேலை மறுபடியும் பொலோனியாவில் நடந்தது. 2025 கான் விழாவில் வெஸ் ஆண்டர்சனே மேடையேறிப் படத்தை அறிமுகப்படுத்தினார், அதில் நடித்த ஷர்மிளா தாகூரும் சிமி கரேவாலும் கூட இருந்தார்கள். இந்த முறை கருகிய துண்டுகளை ஒட்டவேண்டியிருக்கவில்லை. தயாரிப்பாளர் பூர்ணிமா தத்தா 1970இல் வந்த அந்தப் படத்தின் அசல் நெகட்டிவைப் பத்திரமாக வைத்திருந்தார்.