காத்திருந்தவர்கள் வளர்த்த மொழியியல்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகள் வெளியிடும் பதவி வெற்றிட அறிவித்தல்களைப் படிப்போர் ஒரு வாசகத்தை அடிக்கடி காண்பர். 'இப்பதவி குறித்த காலத்துக்கு மட்டுமே உரியது' என்பதே அது. கலாநிதிப் பட்டம் பெற்ற இளைஞருக்கு இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, மிஞ்சினால் ஆறு ஆண்டு. அதன் பின்னர் வேறொரு நகரம், வேறொரு நாடு, வேறொரு விண்ணப்பம். புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகளும் இன்று இத்துறையை நாடுகின்றனர். 'இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?' என்று பெற்றோர் கேட்கின்றனர். இக்கேள்வி மொழியியலின் வயதையொத்தது. அதன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது பயன் தரும்.

கொழும்புக்கு வந்த டென்மார்க் அறிஞர்

ஒப்பியல் மொழியியலின் தந்தையர் என இருவரைக் குறிப்பிடுவர். ஒருவர் ஜேர்மனியரான பிரான்ட்ஸ் பொப். மற்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த ரஸ்முஸ் ரஸ்க். 1787 இல் பிறந்த ரஸ்க், வடஐரோப்பிய மொழிகளின் மூலத்தை ஆராயும் பரிசுக் கட்டுரையை 1814 இல் எழுதி முடித்தார். அது 1818 இல் நூலாக வெளிவந்தபோது அவர் நாட்டில் இல்லை. சுவீடன், ரஷ்யா, பாரசீகம் எனப் பயணித்து, 1820 இல் பம்பாய் வந்து, அங்கிருந்து இலங்கையை அடைந்தார். சிங்கள எழுத்து முறை பற்றி அவர் டேனிஷ் மொழியில் எழுதிய சிறுநூல் 1821 ஆம் ஆண்டைத் தாங்கிக் கொழும்பிலேயே அச்சாகியது.

பாளி, சிங்கள ஓலைச்சுவடிகளுடன் 1823 இல் கொப்பன்ஹேகன் திரும்பிய அவருக்கு, எதிர்பார்த்த பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1825 இல் இலக்கிய வரலாற்றுக்கான பதவி ஒன்று கிடைத்தது. 1829 இல் பல்கலைக்கழக நூலகரானார். கீழைத்தேய மொழிகளுக்கான பேராசிரியராக 1831 இல் நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு நவம்பரில், 45 வயது நிறையுமுன்பே, மறைந்தார்.

பொப்பின் கதை வேறு. 1791 இல் பிறந்த அவர் பாரிஸிலும் இலண்டனிலும் சமஸ்கிருதம் பயின்றார். வில்ஹெல்ம் ஃபொன் ஹம்போல்ட்டின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1821 இல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1867 இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமது பெரும்பணியைச் செய்ய அவருக்கு அமைதியும் ஊதியமும் இருந்தன. இருவரிடையே திறமையில் பெரும் ஏற்றத்தாழ்வு இல்லை. ஒருவருக்கு உரிய காலத்தில் பதவி வந்தது, மற்றவருக்கு வரவில்லை.

மூன்று விதிகள், மூன்று ஊழியங்கள்

மொழியியல் மாணவர் எவரும் மனனம் செய்யும் ஒலிமாற்ற விதிகள் மூன்று உண்டு. முதலாவது, இலத்தீனின் 'பாத்தெர்' ஆங்கிலத்தில் 'ஃபாதர்' ஆவது போன்ற மாற்றங்களை ஒழுங்குபடுத்திய கிரிம் விதி. யாக்கோப் கிரிம் இதை 1822 இல் வெளியிட்டபோது காசெல் நகரில் நூலக ஊழியராக இருந்தார். பின்னாளில் கோட்டிங்கனில் பேராசிரியராகி, மன்னரின் அரசியலமைப்பு மீறலைக் கண்டித்த எழுவரில் ஒருவராக 1837 இல் பதவி நீக்கப்பட்டார்.

இரண்டாவது, சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் அடுத்தடுத்த அசைகளில் இரு மூச்சொலிகள் வரும்போது முதலாவது மூச்சிழக்கும் என்ற கிராஸ்மன் விதி. 1863 இல் இதை வெளியிட்ட ஹெர்மன் கிராஸ்மன், ஸ்டெட்டின் நகரப் பாடசாலை ஆசிரியர். கணிதத்திலும் பேரறிஞரான அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி கடைசிவரை வாய்க்கவில்லை.

மூன்றாவது, கிரிம் விதிக்கு இருந்த புறநடைகளைப் பழைய சொல்லழுத்தத்தின் துணையுடன் விளக்கிய வேர்னர் விதி. 1875 இல் இதைக் கண்டபோது கார்ல் வேர்னருக்குப் பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லை. கட்டுரை 1877 இல் வெளிவந்தபோது ஹாலே நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றினார். 1883 இலேயே கொப்பன்ஹேகனில் ஆசிரியப் பதவி பெற்றார்.

நூலகம், பாடசாலை, மீண்டும் நூலகம். வரலாற்று மொழியியலின் தூண்களான மூன்று விதிகளும் பேராசிரியர் ஆசனத்துக்கு வெளியே பிறந்தவை. இதைக் கண்டு, வறுமையே அறிவை வளர்க்கும் என முடிவு கட்டுவது தவறு. அம்மூவருக்கும் நூல்களோ மாதச் சம்பளமோ எங்கோ ஓரிடத்தில் இருந்தன.

ஊதியமற்ற விரிவுரையாளர்

ஜேர்மன் பல்கலைக்கழகங்களில் 'பிரிவாட்டொசென்ட்' என்ற நிலை இருந்தது. கலாநிதிப் பட்டத்தின் பின் மற்றோர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து விரிவுரை நிகழ்த்தும் உரிமையைப் பெறுவர். உரிமை மட்டுமே, சம்பளம் இல்லை. வகுப்புக்கு வரும் மாணவர் செலுத்தும் கட்டணமே வருமானம். ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் தாக்குப்பிடித்தனர். இந்நிலையிலிருந்து பேராசிரியராவது வெறும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததே என்று சமூகவியலாளர் மக்ஸ் வேபர் 1917 இல் மியூனிக் உரையில் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்.

பெண்களுக்கு அந்த உரிமையும் நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1909 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற அகாத்தே லாஷுக்கு ஜேர்மனியில் இடம் கிடைக்காமையால், அமெரிக்காவின் பிரின் மோர் பெண்கள் கல்லூரிக்குச் சென்று கற்பித்தார். முதல் உலகப் போரின்போது திரும்பி, ஹம்பர்க்கில் உதவியாளராகச் சேர்ந்து, 1919 இல் விரிவுரை உரிமையும் 1926 இல் கீழ்ஜேர்மன் மொழிக்கான பேராசிரியர் பதவியும் பெற்றார். ஜேர்மனியில் அத்துறையின் முதற் பெண் பேராசிரியர் அவரே. யூதர் என்பதால் 1934 இல் நாஜி ஆட்சி அவரை நீக்கியது. 1942 ஓகஸ்டில் ரீகாவுக்கு அனுப்பிக் கொன்றது.

இன்றைய நிலை

இன்று நெதர்லாந்திலும் வடஐரோப்பிய நாடுகளிலும் கலாநிதிப்பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியராகவே சேர்க்கப்படுகின்றனர். ஜேர்மனியில் அதே பணி பல வேளைகளில் அரைநேர ஊழியமாகவோ, முழுநேரத்தின் மூன்றில் இரண்டு பங்காகவோ விளம்பரம் செய்யப்படுகிறது. 2007 இல் அங்கு நடைமுறைக்கு வந்த சட்டம், கலாநிதிப் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகளும் பின் ஆறு ஆண்டுகளும் தற்காலிக ஒப்பந்தங்களில் வைத்திருக்க வழிசெய்தது. 'ஹன்னா' என்ற கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டு அரசு இச்சட்டத்தை விளக்கிய காணொளிக்கு எதிராக, 2021 இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் 'நானே ஹன்னா' என்று எழுதத் தொடங்கினர். ஊதியமில்லாமை நீங்கியது. நிச்சயமின்மை நீங்கவில்லை.

ரஸ்க் கொண்டு சென்ற பாளிச் சுவடிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். அவை கொப்பன்ஹேகனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. 1855 இல் வீகோ பவுஸ்பொல் அவற்றைக் கொண்டு தம்மபதத்தை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். மேற்குலகில் பாளி ஆய்வு வேரூன்ற உதவிய அந்நூலின் பதிப்பாசிரியர் சமஸ்கிருதப் பேராசிரியரானது 1878 இல்; அப்போது அவருக்கு ஏறக்குறைய 57 வயது.

ரஸ்க்கையும் பவுஸ்பொல்லையும் நாம் அறிவோம், அவர்கள் தாக்குப்பிடித்தனர். இடைநடுவில் விலகியோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் எழுதாத இலக்கணங்களும் இல்லை. மொழியியலை நாடும் பிள்ளைகளை இதைக் காட்டித் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், அறிவித்தலைப் படிக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, முழுச் சம்பளமா, முடிந்தபின் நிரந்தரமாக்கும் ஏற்பாடு உண்டா என மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கவேண்டும். இவற்றைக் கேட்பது ஆர்வக்குறைவு அல்ல.